பனி விலகட்டும்

பதுளைக் கடைக்காரர் வெளிப்பலகைக்கான கிளியர் வார்னிஷ் டப்பாவைத் திறந்ததும், அந்த வாசனை மண்சரிவில் போன எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வரிசை வீடுகளுக்கு என்னை இழுத்துப்போனது. பசறை ரோடு வளையும் முடக்கில் நிற்கும் எங்கள் லயப் பெயர்ப்பலகைக்கு வார்னிஷ் பூச வேண்டிய அப்பா, "பனி விலகட்டும்" என்று வாசலுக்கும் முடக்குக்குமாக அலைந்துகொண்டே இருப்பார். ஒருமுறை பொறுக்காமல் பூசிவிட, பலகை பால் ஊற்றியது போல வெளுத்து, பெயர் தெரியாமல் பஸ் நிற்காமலே போனது.

"ஊரையே அழிச்சிட்டீங்களே" என்று அம்மா சிரித்தார்.

இன்று அங்கே மிச்சம் அந்தப் பலகைதான். பெயரும் மங்கிவிட்டால் அந்த முடக்கில் எந்த பஸ்ஸும் நிற்காது.

"மழை வெயில் தாங்குமாங்க?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"தாங்கும்ங்க. மஞ்சளாகாது. ஈரத்துல மட்டும் பூசிராதீங்க."

மறுநாள் காலையிலிருந்து தூரிகையோடு முடக்கில் அலைகிறேன். பலகையைத் தொட்டால் இன்னும் ஈரம். என்னைப் பார்த்து பஸ் ஒன்று நின்றது.

"ஏறலையா?" என்றார் கண்டக்டர்.

"பனி விலகட்டும்ங்க."