மாடி வீட்டில் ரெண்டாள்

நான் வாடகைக்கு வீடு தேடி அலைந்தபோது, ஒவ்வொரு வீட்டின் கேட்டைத் திறப்பதற்கு முன்னாலும் லாட்டரி அக்கா என் முழங்கையில் ஓர் இடி இடிப்பாள். நீ வாயைத் திறக்காதே, நான் பேசிக்கொள்கிறேன் என்று அதற்குப் பொருள். நான் தினமும் பஸ் மாறும் உதியன்குளங்கரை சந்திப்பில் லாட்டரி விற்றவள் அவள். மாநில எல்லை தாண்டி லாட்டரி டிக்கெட் எடுக்க வருகிறவர்களும் உள்ளூர்க்காரர்களும் அவள் முன்னால் நின்றுதான் ஊர்க்கதை பேசுவார்கள். அதனால் பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை எந்த வீட்டு மாடி காலியாகப் போகிறது என்பது வீட்டுக்காரருக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும்.

நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் எனக்கு வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்ததும் ஆரியங்கோட்டு வீடு அண்ணனுக்கு வந்தது. அவர் மகனுக்குப் பெண் நிச்சயமானபோது என் அறையை யாரும் கேட்கவில்லை. அதற்கு வெள்ளையடிக்க மட்டும் ஆள் வந்தது. கல்யாணத்துக்குள் வெளியேறிவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். ரோஷம் எனக்குக் கொஞ்சம் அதிகம். சம்பளம்தான் குறைவு.

என் சம்பளத்துக்குள் அடங்குகிற மாடிகள் இருக்கத்தான் செய்தன. ஆனால் எல்லா வாசலிலும் ஒரே கேள்வி: "வீட்டுல ஆரெல்லாம் உண்டு?" நான் மட்டும் என்று தெரிந்ததுமே அது தண்ணீர் வராத வீடாகிவிடும், அல்லது மகள் திரும்பி வரப்போகிற வீடாகிவிடும். ஒருவர் மட்டும் நேராகச் சொன்னார். "குடும்பத்துக்குத்தான் குடுப்போம், கேட்டியளா. ஒத்தைக்கு உள்ள பெண்ணுன்னா நமக்குப் பொறுப்பாக்கும்." நாளெல்லாம் ஊராருடைய ரத்தத்தைச் சோதித்து ரிப்போர்ட் எழுதுகிறவளிடம் பொறுப்பைப் பற்றிப் பேசினார்! ஆத்திரம் வந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுகையும் வந்தது.

கடைசியாகப் பாறசாலை ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி. வீட்டுக்காரம்மா அதே கேள்வியைக் கேட்டார். முழங்கையில் இடித்த கை இம்முறை என் தோள்மேல் ஏறியது. "ரெண்டாளாக்கும். நான் இவளுக்க பெரியம்ம மவ" என்றாள் லாட்டரி அக்கா. சாவி கிடைத்துவிட்டது.

அடுத்த ஞாயிறு தன்னுடைய பழைய சேலைகள் இரண்டைக் கொண்டுவந்தாள். "கொடியில எனக்க துணியும் கெடக்கணும் மக்கா. அப்பதான் ரெண்டாளுன்னு தோணும்." வாரந்தோறும் என் சுடிதார்களோடு யாரும் உடுத்தாத அந்தச் சேலைகளையும் நனைத்துப் பிழிந்து காயப்போட்டேன். ஞாயிறு மதியம் அவள் வருவாள். கேட்டருகிலேயே வீட்டுக்காரம்மாவுக்குக் கேட்கும்படி உரக்கப் பேசுவாள். என் மீன்குழம்பில் புளி போதாது என்பாள், மூன்று முறை ஊற்றிச் சாப்பிடுவாள், பிறகு கட்டிலில் விழுந்து குறட்டை விடுவாள். அந்த நேரத்தில் நான் ரேடியோகூடப் போடுவதில்லை. வீட்டில் இன்னொரு மூச்சுச் சத்தம் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது.

சில வருடங்களில் அவளுக்கு மூட்டு தேய்ந்தது. மகள் வந்து பாலக்காட்டுக்கு அழைத்துப் போனாள். "வாறேன் மக்கா" என்று சொல்லித்தான் போனாள். காது மந்தமானதால், போனில் நான் கத்துவதும் அவள் "ஆ, ஆ" என்பதுமாகப் பேச்சு குறைந்து நின்றேபோனது. சேலைகளை மட்டும் நான் விடவில்லை. வீடு போய்விடுமே என்ற பயம்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன ஓணம் கழிந்த ஒரு ஞாயிறன்று வீட்டுக்காரம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்தார். கொடியையே பார்த்தார். நான் கொடிக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன். அவர் சிரித்தார்.

"அந்த அக்கா இஞ்ச தங்கல்லன்னு எனக்கு அப்பவே தெரியும். இன்னும் எதுக்கு இந்தச் சேலையத் தொவச்சு கஷ்டப்படுத? நீ ஒத்தைக்கே இருந்துக்கோ மக்கா. ஆரு என்ன சொல்லப்போறா?"

இந்தச் சொல்லைக் கேட்கத்தானே அத்தனை கேட்டுகளின் முன் நின்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய்யில்லை. அவர் இறங்கிப் போனதும் சேலைகளை மடித்து அலமாரியின் அடியில் வைத்தேன்.

மறு ஞாயிறு துவைக்க என் துணிகள் மட்டும்தான் இருந்தன. வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. வாளியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். இனி யாரும் என்னை வெளியே போகச் சொல்ல மாட்டார்கள். இத்தனை வருடம் வாழ்ந்த அந்த வீட்டுக்கு அன்றுதான் நான் தனியாகக் குடிவந்தேன்.