பெரட்டுக்கு லேட்டான மண்டோர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு நான் எழுந்தேன். நம்புங்கள். என் மனைவியே நம்பாமல் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

காரணம், சித்தப்பா. கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மண்டோராக இருந்து, கங்காணியைப் போல ஒரு கூட்டத்தையே மேய்த்தவர். வேலை முடிந்தது, லயத்து வீட்டையும் திரும்பக் கேட்டுவிட்டார்கள். சித்தி போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகளும் இல்லை. ரவாங்கில், வரிசை வீடுகள் கொண்ட தாமானில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன்.

டிவி கொடுத்தேன். சாய்வு நாற்காலி கொடுத்தேன். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? இருட்டோடு எழுந்து, காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, கேட்டருகே நின்று, ஃபேக்டரிக்குப் பறக்கும் மோட்டார் சைக்கிள்களைப் பார்த்து, “லேட்டு... இவனும் லேட்டு...” என்று முணுமுணுப்பார். ஒருவனாவது பயப்பட வேண்டுமே? ம்ஹூம்!

ஒரு நாள் அவரே ஆரம்பித்தார்.

“டேய், வயசானவங்களுக்கு நம்ம பழைய தோட்டத்துப் பக்கம் ஏதோ இல்லம் இருக்காமே. பார்த்துட்டு வருவோமா?”

“ஏன் சித்தப்பா, இங்க என்ன குறை?”

“ஒரு குறையும் இல்லடா. அதான் குறை.”

எனக்குத் திக்கென்றது. சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? ‘சித்தப்பனைக் கொண்டுபோய் ஹோமில் தள்ளிவிட்டான்’ என்று கல்யாண வீட்டுப் பந்தியில் என்னையல்லவா பரிமாறுவார்கள்! ஆகவே அந்த இடத்தில் ஏதாவது ஒரு குற்றம் கண்டுபிடித்தே தீருவது என்று முடிவு செய்தேன். தரம் பார்க்கப் போகிற அதிகாரி — நான்தான் — தீர்ப்பை வீட்டிலேயே முடித்துக்கொண்டு கிளம்பினார்.

“பத்து மணி வாக்கில போவோம்” என்றேன்.

சித்தப்பா சிரித்தார். “பத்து மணிக்கு எல்லா இடமும் சுத்தமாத்தான்டா இருக்கும். துரை வர்ற அன்னிக்கு மட்டும் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சவன் நான். என்கிட்டயேவா? சொல்லாம கொள்ளாம இருட்டுல போகணும்.”

போனோம். வழியில் என் கார் ஓரிடத்தில் நின்று, இந்தப் பயணம் தேவைதானா என்று நீண்ட நேரம் யோசித்தது. சித்தப்பா தள்ளினார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்து ஊக்கம் கொடுத்தேன்.

சேர்ந்தபோது இன்னும் விடியவில்லை. முற்றத்தில் ஒரு மஞ்சள் பல்பு. அதன் கீழே... வயதானவர்கள் வரிசையாக நிற்கிறார்கள்! சிலர் ஊன்றுகோலோடு, ஒருவர் நாற்காலியில். ஒரு கரகரத்த குரல் பெயர் கூப்பிடுகிறது.

“முனியாண்டி!”

“இருக்கேன்!”

“பாப்பாத்தி!”

“இருக்கேன்... எங்க போகப் போறேன்!”

பெரட்டு! தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: விடியுமுன் ஆட்களை நிற்க வைத்து மண்டோர் பெயர் கூப்பிடுவது. நேரத்துக்கு வந்தால் அன்றைக்குப் ‘பேரு’ உண்டு — அதாவது வேலையும் கூலியும். பிந்தினால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஆயுசு முழுக்க நின்றவர்களை இங்கேயும் நிறுத்துவதா? என் ரத்தம் கொதித்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சந்தோஷமாகவே கொதித்தது. குற்றம் கிடைத்துவிட்டதே! நேராக வார்டன் அம்மாவின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டிக் கத்தினேன்.

“கத்தாதீங்க லா, சார்” என்றார் அவர், கொட்டாவியோடு. “இது அவங்களா வச்சுக்கிட்டது. நான் ஒருதடவை நிறுத்திப் பார்த்தேன். யாரும் பசியாற வரமாட்டேன்னுட்டாங்க. எனக்கும் வசதிதான் சார்... ராத்திரி படுத்தவங்க எல்லாரும் எழுந்துட்டாங்களான்னு தெரிஞ்சிடுது.”

கிடைத்த குற்றமும் கை நழுவிப் போக, வெளியே வந்தேன்.

அதற்குள் சித்தப்பா வரிசையின் கடைசியில் போய் நின்றிருந்தார். பெயர் கூப்பிட்டவர் டார்ச் லைட்டை அவர் முகத்தில் அடித்தார். அப்போதுதான் கவனித்தேன் — அது ஒரு பெண்மணி.

“பொம்பளையா பெரட்டு எடுக்கிறது?” என்றார் சித்தப்பா.

“யாரு... சுப்பையா மண்டோரா? நான்தான் அஞ்சலை. உங்க கீழ பால் மரம் வெட்டினவ. என்ன மண்டோரே, இந்த நேரத்துக்கு வர்றீங்க?”

சித்தப்பாவின் குரல் இறங்கிவிட்டது. “வழியில கார் நின்னுபோச்சு, அஞ்சலை...”

“எம் புள்ளைக்குக் காய்ச்சல், அதான் நேரமாயிடுச்சுன்னு அன்னிக்கு நானுந்தான் சொன்னேன். கேட்டீங்களா?” டார்ச் அணைந்தது. “லேட்டு! வீட்டுக்குப் போங்க. இன்னிக்குப் பேரு இல்ல!”

வரிசை மொத்தமும் குலுங்கியது. நாற்காலிப் பெரியவர் இருமி இருமிச் சிரித்தார். சித்தப்பா திரும்பி நடந்து காரில் ஏறிக்கொண்டார்.

ரோட்டின் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

“விடுங்க சித்தப்பா. அந்த இடம் நமக்குச் சரிப்படாது. படுக்கை எப்படி, சாப்பாடு எப்படின்னுகூடப் பார்க்கல...”

“படுக்கை கிடக்கட்டும்டா. அவ சொன்னது நியாயம்தான்.” கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் திரும்பினார். “வார்டன் அம்மாகிட்டப் பேசி இடத்துக்குச் சொல்லிடு. போற அன்னிக்கு மூணு மணிக்கே எழுந்திரு. இனி ஒருநாளும் அவ வாயால லேட்டுன்னு நான் கேட்கக் கூடாது.”

சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை என் டிவியாலும் சாய்வு நாற்காலியாலும் ஒருநாளும் வரவழைக்க முடிந்ததில்லை.

இப்போது அங்கேதான் இருக்கிறார். வரிசையில் முதல் ஆளாகப் போய் நிற்கிறாராம். அஞ்சலையம்மா வேண்டுமென்றே அவர் பெயரைக் கடைசியில்தான் கூப்பிடுகிறாராம். இவர் போடும் “இருக்கேன்!” மெயின் ரோடு வரைக்கும் கேட்கிறதாம்.

இதையெல்லாம் வீட்டில் விலாவாரியாகச் சொன்னதுதான் நான் செய்த தப்பு. நேற்று ஏழரைக்கு எழுந்து கோப்பி கேட்டேன். “லேட்டு. இன்னிக்குப் பேரு இல்ல” என்கிறாள் மனைவி!