இரண்டு அரசாங்கங்களையும் நம்பாத எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப் பேரை அக்கா நம்பியதில்லை. அவரிடம் வளர்ந்த தம்பி நான், எனக்கும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டு.

கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியின் மூத்த மகளாகப் பிறந்த அக்கா, திருமணமாகி பெங்களூர் ஜோகுபாளையத்துக்கு வந்தார். தையல் கம்பெனியில் செக்கர் வேலை. சட்டையை உள்பக்கம் திருப்பிப் போட்டு, எங்கே நூல் விட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்களையும் அப்படித்தான் பார்ப்பார்.

அக்காவின் கணவர், எங்கள் மாமா, தங்கமான மனிதர். பொம்மசந்திராவில் லேத் வேலை. பாக்கெட் சாராயம் அவரைப் பிடித்துக்கொண்டது. கர்நாடகத்தில் அப்போது அது அரசு அனுமதியோடு விற்ற சரக்கு. 1991-ல் தமிழ்நாட்டில் மலிவு விலைச் சாராயக் கடைகளை மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், அக்கா வீட்டைக் காலி செய்து எல்லைக்கு அந்தப் பக்கம் ஓசூருக்குக் குடிபோனார். சாராயக் கடை இல்லாத ஊரில் மனிதன் எப்படிக் குடிப்பான் என்று நினைத்தார்.

மாமா குடித்தார். எல்லை தாண்டி எடுத்துவர முடியாது என்பதால், வேலை முடிந்து வரும் வழியில் கர்நாடக எல்லைக்குள் இருக்கும் அத்திப்பள்ளியில் இறங்கி, இரவுக்கும் சேர்த்து அங்கேயே குடித்துவிட்டு வந்தார். முன்பு அப்படிக் குடித்ததில்லை. ஒருநாள் சட்டைப்பையில் ஒரு பாக்கெட் தங்கிவிட்டது. சோதனைச் சாவடியில் பிடித்து ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள்.

அக்கா போய் நின்றார். “அந்தாண்ட கடையில வச்சி விக்கிறான், இந்தாண்ட வந்தா கேசா சார்? சாராயம் ஒண்ணுதானே?”

“சட்டம் வேறம்மா” என்றார் ஏட்டு.

மாமாவை வெளியே கொண்டுவந்த பிறகு, ஓசூரில் ஓர் ஆஸ்பத்திரியில் குடியை நிறுத்த வைத்தியம் உண்டா என்று விசாரித்தார். “இங்கதான் சாராயமே இல்லியே, அதுக்கு எதுக்கும்மா வார்டு?” என்று சிரித்தார்களாம். அக்கா மறுபடி மூட்டை கட்டிக்கொண்டு ஜோகுபாளையத்துக்கே வந்துவிட்டார்.

பெங்களூரில் குடிநோய்க்குத் தனி வார்டே இருந்தது. ஆனால் அக்காவுக்கு அதிலும் சந்தேகம். “பாக்கெட்டுக்கு லைசென்சும் கவர்மெண்டு, இந்த வார்டும் கவர்மெண்டு. இவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கறதே இல்லியா டாக்டர்?”

டாக்டர் மாத்திரையை நீட்டினார். இதைப் போட்டுக்கொண்டு குடித்தால் உடம்பு ஏற்காது, வாந்தி வரும் என்றார்.

“முழுங்கினாரா, நாக்குக்கு அடியில வச்சிக்கினாரான்னு எனக்கு எப்டித் தெரியும்?”

“தண்ணில கரைச்சுக் குடுங்கம்மா. அவருக்குத் தெரிஞ்சே, உங்க முன்னாடி குடிக்கட்டும்.”

அன்று முதல் அக்கா காலையில் டம்ளரோடு நிற்பார், மாமா குடித்து முடித்து வாயைத் திறந்து காட்டுவார். நடுவில் இரண்டு முறை தவறிக் குடித்துவிட்டார், மறுபடி அதே வார்டு. பிறகு அடியோடு விட்டுவிட்டார். அக்கா மட்டும் கடைசிவரை நம்பவில்லை. அதனால்தான் மாமா இன்று உயிரோடு இருக்கிறார் என்று நான் நினைக்கிறேன்.

காலம் மாறியது. தமிழ்நாட்டில் அரசாங்கமே கடை வைத்து மது விற்றது. பிறகு கர்நாடகம் பாக்கெட்டை நிறுத்தியது. “ரெண்டு பேரும் எடம் மாத்தி ஒக்காந்துக்கினாங்க, அவ்ளோதான்” என்றார் அக்கா.

புற்றுநோயில் படுத்திருந்தபோது என்னிடம் ஒன்று சொன்னார். “சாவுக்கு நான் பயப்படலடா. காரியத்துக்கு வருவாங்க பாரு, நம்ம ஆளுங்க, அவங்களுக்குத்தான் பயப்படறேன். துக்கம்னு சொல்லி இவருக்கு ஊத்துவாங்க. வேணாம்னு சொல்ல இவரு கூச்சப்படுவாரு.”

அடக்கத்தன்றே அது நடந்தது. யாரோ மாமாவை வீட்டின் பின்பக்கம் அழைத்துப் போய் டம்ளரை நீட்டியிருக்கிறார்கள். மாமா திரும்பி வந்து அக்காவின் காலருகே உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் மூச்சை முகர்ந்து பார்த்தேன். வாடை இல்லை. அன்றுதான் எனக்கு அழுகை வந்தது. நீட்டியது யார் என்று மாமா இன்றுவரை சொல்லவில்லை. “உடுப்பா, பாசத்துலதான் குடுத்தாங்க” என்கிறார்.

வார்டு டாக்டருக்கும் நர்சம்மாக்களுக்கும், அக்காவோடு வேலை செய்த பெண்களுக்கும், ஜோகுபாளையத்து அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. இரு அரசாங்கங்களுக்கும் நன்றி எழுதினால் அக்கா கோபித்துக்கொள்வார்.

இன்று படையல் முடிந்ததும் எல்லோருக்கும் சாப்பாடு. அந்த டம்ளரை நீட்டியவரும் இருந்து சாப்பிட்டுப் போக வேண்டும். மாமா என் பக்கத்தில்தான் உட்காருவார். அவரைத் தனியாகக் கூப்பிடாதீர்கள்.