அண்ணனுக்கு ஆறாவது தோள்

நம்பாவிட்டால் போகட்டும். அன்று அந்தப் பாதையில் நடந்த ஐந்து பேரில் நானும் ஒருவன். மற்ற நால்வரும் இன்னும் தீவில்தான் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள். பேச்சை மாற்றிவிடுவார்கள்.

என் அண்ணன் டார்மட் நவம்பரில் கடலோடு போனான். இரண்டாம் நாள் உடல் கரை ஒதுங்கியது. எங்கள் தீவில் சவப்பெட்டியை வண்டியில் ஏற்றுவதில்லை. மேற்குக் கரைக் கல்லறை வரை ஆறு ஆண்கள் தோளில் சுமந்து போவோம். பெண்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். தீவில் ஆட்கள் குறையக் குறையப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள், கடையை மூடினார்கள், பிள்ளைகள் எங்கள் மொழியை விட்டார்கள். அப்போதெல்லாம் அண்ணன் சொன்னது ஒன்றுதான். "தோள்ல தூக்கிட்டுப் போறதையாவது விட்டுடாதீங்கடா."

அன்று பனிமூட்டம். சொந்தக்காரர்களை ஏற்றி வரவேண்டிய படகு அக்கரையிலேயே நின்றுவிட்டது. தீவில் தெம்புள்ள ஆண்கள் ஐந்தே பேர்.

"டிராக்டர்ல வச்சிடலாமா?" சித்தப்பா மகன் ஃபின்லே தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஏன், நான் இல்லையா?" என்றார் லாக்லன் மாமா. எண்பது வயது.

"உங்களைத் தூக்கவே ரெண்டு பேர் வேணும், மாமா."

வேறொரு நாளென்றால் சிரித்திருப்போம். எனக்கு அழுகையும் வரவில்லை. அண்ணன் போனதிலிருந்து உள்ளே எதுவுமே அசையவில்லை.

"தூக்குங்க," என்றேன்.

ஐந்து பேராகவே கிளம்பினோம். நான் பின்னால், இடப்பக்கம். எனக்கு நேர் எதிரே, வலப்பக்கம் காலி. பெட்டி அந்தப் பக்கமே சாய்ந்து சாய்ந்து வந்தது. அடுப்பில் எரிக்க மண்கட்டி வெட்டும் சதுப்பைத் தாண்டும்போது பனி எங்களை மூடியது. முன்னால் போகும் ஃபின்லேயின் முதுகுகூடத் தெரியவில்லை.

அப்போது பெட்டி நிமிர்ந்தது.

அந்தப் பக்கம் யாரோ தோள் கொடுத்திருந்தார். கம்பளிச் சட்டைக் கை மட்டும் தெரிந்தது. படகு வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

மழை பெய்யவில்லை...

சதக்... சதக்... சேற்றில் காலடிச் சத்தம். கேட்டுக்கொண்டே நடந்தேன். ஐந்து பேரின் சத்தம் இல்லை அது. ஆறு பேருடையதும் இல்லை.

ஒரு ஊரே நடந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. பயத்தால் அல்ல. பார்க்கத் தோன்றவில்லை.

பிறகு தோளில் கனமே தெரியவில்லை.

துளிகூட...

கல்லறை வாசலில் பனி கலைந்தது. பெட்டி புல்மேல் இருந்தது. இறக்கி வைத்த ஞாபகம் எனக்கு இல்லை. சுற்றி நாங்கள் ஐந்து பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. புதைத்தோம். திரும்பினோம்.

அண்ணி பெகி வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"தம்பி, கல்லறைக்குப் போற மேட்டுல ஒரு நிமிஷம் பனி விலகுச்சு. பார்த்தேன். அவரைத் தூக்கிட்டுப் போனது யாரு?"

"நாங்கதான் அண்ணி."

அவள் என்னையே பார்த்தாள்.

"நீங்க அஞ்சு பேரும் கையைத் தொங்கப் போட்டுட்டு, கூட்டத்துக்குக் கடைசியில வந்தீங்க. பெட்டி உங்களுக்கு ரொம்ப முன்னாடி போயிடுச்சே, தம்பி..."