உடைபடாமல் போன யானைகள்

என் முதல் கேஸுக்காக ஒரு பொம்மை ஷெட்டுக்குப் போன அன்று, புது கறுப்பு பேன்ட்டோடு ஈரக் களிமண் மேல் உட்கார்ந்துவிட்டேன். சில்லென்று ஏறியது... எழுந்தால் மானம் போகும் என்று, உட்கார்ந்தபடியே சட்டம் பேசினேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்தவர் செல்வராசு அண்ணன். பெயரை மாற்றிவிட்டேன், வக்கீல் புத்தி. ரிவர்ஸ் எடுத்த லாரி ஒன்று ஷெட் சுவரை இடித்து, ஒரு ரேக் பொம்மை தூள். நஷ்ட ஈடு கேட்டுக் கேஸ். சேதத்தைப் பார்க்க மறுநாள் கோர்ட்டிலிருந்து கமிஷனர் வருகிறார்.

அண்ணன் கையில் சுத்தியல். எதிரே இன்னொரு ரேக் நிறைய யானைகள். சூளையில் தும்பிக்கை கோணி, விலைபோகாமல் நின்றவை.

"வக்கீல் தம்பி, இதையும் லாரி கணக்குல சேத்துடலாமா?"

"வாணாம்ண்ணே."

"யானை மேல பாவமா, லாரிக்காரன் மேல பாவமா?"

"என் மேலதாண்ணே. கோர்ட்டுல நின்னு பொய் சொல்லப்போறது நானு."

உள்ளேயிருந்து அவர் மனைவி மல்லிகா அக்கா குரல் கொடுத்தார். "வூட்டுல கட்டில் காலு ஒடஞ்சு கெடக்குது. அதையும் லாரிதான் ஒடச்சுதுன்னு எழுதிக்கங்க."

அண்ணன் சிரிக்கவில்லை. "பஸ் ஸ்டாண்டு பக்கம் வேற வக்கீலு இருக்காரு தம்பி. அவரு இவ்ளோ யோசிக்கமாட்டாரு."

எனக்கோ வேறு கட்சிக்காரரே கிடையாது. இவரும் போனால் சேத்தியாத்தோப்பில் மாமனாரின் அரிசி மண்டிதான். எனக்கென்று ஒரு ஸ்டூல்கூடப் போட்டுவைத்திருந்தார், புண்ணியவான்.

"போறதுன்னா போங்கண்ணே. ஒண்ணு ஒடஞ்சாலும் இந்தக் கேஸுல நான் இல்லீங்க."

பேசியது நான்தானா என்று எனக்கே சந்தேகம்...

மறுநாள் கமிஷனரோடு போனால், யானை ரேக் காலி. தரையில் லாரி உடைத்த துண்டுகள் மட்டும். மனுஷன் வெட்கப்பட்டு யானைகளை ஒளித்துவைத்துவிட்டார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். உள்ளதைச் சொல்லியே ஜெயித்தோம்.

இப்போது சுத்தியலே தேவையில்லை. கட்சிக்காரர்கள் செல்போனிலேயே சுவரை இடித்து, பொய் போட்டோவாக அனுப்புகிறார்கள். நானும் அதே 'இந்தக் கேஸுல நான் இல்லீங்க' வசனத்தைத்தான் சொல்கிறேன். அன்றைக்கு ஈரக் களிமண்ணில் உட்கார்ந்து சொன்னேன், இன்றைக்கு டீ குடித்துக்கொண்டே சொல்கிறேன். என் ஜூனியர்கள் எல்லோருக்கும் இந்த யானைக் கதை மனப்பாடம்.

போன வாரம் பஸ்ஸில் மல்லிகா அக்காவிடமும் பெருமையாக எடுத்துவிட்டேன்.

"அட நீங்க வேற தம்பி. அன்னிக்கி நீங்க அந்தாண்ட போனதும் அவரு சுத்தியலத் தூக்கிட்டாரு. அதுக்குள்ள ஸ்ரீமுஷ்ணத்துத் திருவிழாக் கடைக்காரரு வந்து, கோணத் தும்பிக்கைக்குத்தான் புள்ளைங்க அடிச்சிக்குதுங்கன்னு மொத்தத்தையும் அள்ளிட்டுப் போயிட்டாரு."