கண்ணாடியில் ஒட்டிய சிவப்புத் தூள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேம் பொருத்துவது தங்கையின் வேலை. யார் மூக்கு கோணல், யார் காது ஏற்ற இறக்கம் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். அழுக்குக் கண்ணாடியைக் கண்டால் மட்டும் அவளுக்குப் பொறுக்காது. முகத்திலிருந்தே கழற்றி, துப்பட்டா நுனியால் துடைத்து, திரும்ப மாட்டிவிடுவாள். பேருந்தில் முன்பின் தெரியாதவருக்கு அப்படிச் செய்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. வீட்டில் அக்காவின் கண்ணாடிக்குத் தினமும் மாலையில் இந்த உபசாரம் தவறாது.

அக்கா தையற்காரி. இரண்டு கண்ணிலும் புரை. ஊசியில் நூல் கோக்கக்கூடத் தங்கை வர வேண்டும். அடுத்த வாரம் ஒரு கண்ணுக்கு அறுவைச் சிகிச்சை. "கண்ணுல தொற்று இருந்தா தள்ளிப்போடுவோம். மறுபடி தேதி கிடைக்க மாசக்கணக்காகும்" என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கடைக்குள் கண்வலி புகுந்தது. முதலில் லென்ஸுக்கு மெருகேற்றுபவருக்கு. முதலாளி விற்பனைப் பலகையிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார்.

"போட்டுக்கய்யா. உன் கண்ணப் பாத்தாலே ஒட்டிக்கும்."

தினமும் மாலையில் தங்கை அதைத் துடைத்துப் பலகையில் திரும்ப வைத்தாள். இரண்டு நாளில் முதலாளிக்கே கண் சிவந்தது.

"நான் உங்களப் பாக்கவே இல்ல முதலாளி. நீங்கதான் என்னை முறைச்சீங்க" என்றார் மெருகேற்றுபவர்.

மறுநாள் காலை தங்கைக்கு இமை ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. நேரே கண் மருத்துவரிடம் போனாள். இது வைரஸ், பார்ப்பதால் ஒட்டாது, கை, துண்டு, தலையணை வழியாகத்தான் பரவும் என்றார் அவர். ஓரிரு வாரத்தில் தானே அடங்கும். குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடம் போதும். வலி கூடினாலோ, பார்வை மங்கினாலோ, வெளிச்சம் பட்டுக் கூசினாலோ உடனே வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தவள் வழக்கம்போல அக்காவின் கண்ணாடியை நோக்கிக் கையை நீட்டினாள். கை பாதியில் நின்றது.

"அக்கா, அசையாத. கண்ணாடில மூக்குப் பக்கம் செவப்பா என்ன அது?"

"எனக்குத் தெரிஞ்சா நான் ஏன்டி ஆஸ்பத்திரிக்குப் போறேன்?"

லென்ஸுக்கு மெருகேற்றும் தூள். தங்கை அதைத் தொட்டதே இல்லை. மெருகேற்றுபவரின் விரலிலிருந்து கறுப்புக் கண்ணாடிக்கு, அதிலிருந்து அவள் துப்பட்டாவுக்கு, துப்பட்டாவிலிருந்து நேற்று மாலை அக்காவின் மூக்குக்கு வந்திருக்கிறது. யோசித்து யோசித்து அவள் சொல்லச் சொல்ல, அக்கா கண்ணாடியைக் கழற்றித் தள்ளிப் பிடித்தாள். ஊரைக் கடந்து, பேருந்தேறி, தன் கண்ணுக்கு விரலளவு தூரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. தூளுக்காவது நிறம் இருக்கிறது. அதே வழியில் வரும் கிருமிக்கு?

அக்கா கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். முகத்தையும் கழுவினாள். தங்கை கடைக்குப் போன் செய்தாள்: "பலகைல இருக்கிற அத்தனை கண்ணாடியையும் கழுவச் சொல்லுங்க முதலாளி. நீங்க வீட்டுக்குப் போங்க." பிறகு தன் துண்டு, தலையணை, சோப்போடு உள்ளறைக்குப் போய்விட்டாள்.

சமையலும் தையலும் இல்லாமல் அக்கா அறைக்கு வெளியே தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடி மங்கலா இருக்குடி."

"நீயே கழுவிக்கோ." கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நான் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு உக்காந்திருக்கேன்."

சின்ன வயதிலிருந்தே சும்மா இருக்கத் தெரியாத கை அது. அதைக் கட்டிப்போட்டது எப்படியென்று அக்காவுக்கு இன்றுவரை வியப்புதான்.

அறுவை நாளன்று மருத்துவமனைக்கு எதிர்வீட்டம்மாதான் துணைக்குப் போனார். மருத்துவர் விளக்கடித்துப் பார்த்து, "சுத்தமா இருக்கு" என்றார். அறுவை நடந்தது.

மறுநாள் கண்கட்டைப் பிரித்துக்கொண்டு அக்கா வீடு வந்தாள். தங்கை உள்ளறை வாசலில் நின்றாள். கண்ணோரம் இன்னும் கொஞ்சம் சிவப்பு. அக்கா அவளை வெகுநேரம் பார்த்தாள்.

"உனக்கு எப்படி இத்தன நரை வந்துச்சு?"

"பாத்ததும் இதத்தான் கேக்கணுமா?" தங்கையின் பார்வை அக்காவின் புதுப் பாதுகாப்புக் கண்ணாடியில் நின்றது. யாருடைய விரலடையாளமோ அதில் பளிச்சென்று இருந்தது. கை எழுந்தது. பிறகு இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள்.

"குழாய் அந்தப் பக்கம் இருக்குக்கா" என்றாள்.