புகை வராத அடுப்பு

எனக்கு நினைவு தெரிந்து நான் முதன்முதலாகப் பொறாமைப்பட்டது ஓர் இரும்படுப்பைப் பார்த்துத்தான். சைக்கிள், பட்டுப்பாவாடை, கண் சிமிட்டும் பொம்மை என்று மற்ற பிள்ளைகள் கௌரவமாகப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்த வயதில், மேலகரத்தில் எங்கள் பக்கத்து வீட்டில், சித்தியின் முன்னறையில், வளைந்த கால்களோடு நின்றுகொண்டிருந்த ஓர் அடுப்பை நினைத்து நான் புரண்டு புரண்டு படுத்தேன். அது எங்களுடையது இல்லை என்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அது தங்கையுடையது என்பதுதான் தாங்கவில்லை.

தங்கை என்றால் சித்தப்பாவின் மகள். என்னைவிடச் சில மாதம்தான் இளையவள். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவாள். அதைத் தவிர அவளைவிட எனக்கு எதுவும் கூடுதலாகக் கிடைத்ததில்லை.

சாரல் காலத்தில் வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்துக் குற்றாலத்துக்கு நனைய வருவார்கள். உள்ளூரில் இருக்கும் எங்களுக்கு அந்த மாதங்களில் ஒரே கவலை, எப்படிக் காய்வது என்பதுதான். மேற்கே மலையிலிருந்து காற்று கிளம்பும், கூடவே தூறல் வரும். சற்று நிற்கும். வெயில் தலைகாட்டுகிறதே என்று துணியைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்தால் மறுபடி ஆரம்பிக்கும். உப்பு ஜாடியில் தண்ணீர் கோர்த்துக்கொள்ளும். தீக்குச்சியை உரசினால் மருந்து மட்டும் வழித்துக்கொண்டு வரும். பொரித்த அப்பளம் இலைக்கு வருவதற்குள் நமுத்துப்போகும். எங்கள் வீடு கான்கிரீட் வீடு. சித்தி வீடு ஓட்டு வீடு. இந்த வித்தியாசத்தில் அம்மாவுக்கு வருஷம் முழுவதும் ஒரு பெருமை உண்டு. சாரலில் மட்டும் அந்தப் பெருமையும் சுவரோடு சேர்ந்து வியர்க்கும்.

காஸ் அடுப்பு இருந்தாலும் அந்தக் காலத்தில் அம்மா பின்கட்டில் விறகடுப்பை மூட்டிவிடுவாள். வெந்நீருக்கு வெந்நீரும் ஆச்சு, மேலே கட்டிய கயிற்றில் துணியும் காய்ந்த மாதிரி ஆச்சு. மாதிரிதான். வெள்ளைச் சட்டை சந்தன நிறமாகும், அடுப்படி வாசமும் ஏறிக்கொள்ளும். நான் வகுப்புக்குள் நுழையும்போது கடைசி பெஞ்சுக்காரர்கள் "ஏலே, புகைவண்டி வருதுலே" என்று கூவுவார்கள். தங்கை சிரிக்கமாட்டாள். அவள் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், சண்டையாவது போட்டிருக்கலாம்.

சித்தப்பா மலை மேலே ஒரு டீ எஸ்டேட்டில் ரைட்டர், அதாவது கணக்கு எழுதுகிறவர். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார், நடுவில் எப்போதாவது வருவார். எஸ்டேட் பங்களாவில் கரண்ட் ஹீட்டர் வைத்தபோது, குளிருக்கு அறையைச் சூடாக்க வைத்திருந்த வெள்ளைக்காரன் காலத்து இரும்படுப்பைக் கழற்றி வெளியே போட்டார்களாம். சித்தப்பா அதைக் கேட்டு வாங்கி, ஒரு லோடு வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். தெருவே கூடிவிட்டது.

"எஸ்டேட்டுல இருந்து எல்லாரும் தேயிலை கொண்டு வருவாக, இவுக அடுப்பத் தூக்கிட்டு வந்திருக்காக" என்றாள் அம்மா, அவர் காதில் விழுகிற மாதிரியே.

சித்தப்பா கோபப்படவில்லை. "நான் இல்லன்னாலும் வீடு சூடா இருக்கும்லா மதினி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கூரை ஓட்டைப் பிரித்துப் புகைக்குழாயை நேராக மேலே விட்டு, சித்திக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு அவர் மலையேறிவிட்டார்.

ஆனி பிறந்து சாரல் பிடித்ததும் சிரிப்பு நின்றது. சித்தி வீட்டுக் கதவைத் திறந்தால் முகத்தில் வெதுவெதுப்பு வந்து ஒட்டிக்கொள்ளும். தரை காய்ந்து கிடக்கும். தீப்பெட்டி உரசினால் பற்றும். சித்தி பங்குனி வெயிலிலேயே புளிய விறகைச் சின்னச் சின்னதாகப் பிளக்கச் சொல்லி, தகரக் கூரைக்குக் கீழே காற்று நுழைய இடம் விட்டு அடுக்கியிருந்தாள். இரண்டு விறகை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பாள். கணீரென்று சத்தம் வந்தால்தான் அடுப்புக்குள் போகும். அடுப்பின் கீழே காற்று போவதற்கு ஒரு குட்டிக் கதவு. அதைத் திறந்துவிட்டுக் கொஞ்சமாக விறகு வைத்துச் சுறுசுறுப்பாக எரியவிடுவாள். அந்தக் கொஞ்ச விறகுக்கே இரும்பு சூடாகி, அணைந்த பிறகும் வெகுநேரம் அறையை வெதுவெதுப்பாக வைத்திருக்கும். கூரைக்கு மேல் குழாய் வாயில் புகை தெரியாது. அடுப்பு எரிகிறதா இல்லையா என்று தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துத் தர்க்கம் செய்தவர்கள் உண்டு.

முதலில் கட்சி மாறியது எங்கள் வீட்டுப் பூனை. எங்கள் பாலைக் குடித்து வளர்ந்த பூனை, சித்தியின் அடுப்புக்கு முன்னால் நான்கு காலையும் நீட்டிக்கொண்டு கிடந்தது. நான் போய்த் தூக்கிவந்தால் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகும். அடுத்தது தங்கையின் சாக்ஸ். காலையில் அதை மாட்டும்போது சூடாக இருக்குமாம். என்னுடையதைப் பிழிந்துவிட்டுத்தான் மாட்டவேண்டும். சூடான சாக்ஸ் போட்ட கால் என் பக்கத்தில், பெஞ்சுக்குக் கீழே, நாள் முழுவதும் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. 

இந்த நிலையில் சுதந்திர தினம் வந்தது. எங்கள் வகுப்புக்கு டிரில். "யாரோட டிரெஸ் பளிச்சுன்னு வெள்ளையா, மொடமொடன்னு இருக்கோ அவங்கதான் முன்வரிசை" என்று டீச்சர் சொல்லிவிட்டார். முன்வரிசைக்காரர்கள்தான் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பார்கள். அவர்களைத்தான் போட்டோ எடுப்பார்கள். தங்கைக்கு டிரில் உடுப்பு இரண்டு ஜோடி, சித்தப்பா துணி எடுத்து அனுப்பியிருந்தார். எனக்கு ஒன்றுதான். அந்த ஒன்று, அடுப்படிக் கயிற்றுக்குப் போகாமல் வெள்ளையாகக் காய்ந்தாகவேண்டும். அந்த ஆடி மாதத்தில் நான் சாமியிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

சித்தி தானாகவே வந்தாள். "அக்கா, அவ டிரெஸ்ஸயும் குடுங்க. எங்க அடுப்புப் பக்கத்துக் கொடியில போட்டுருதேன்."

"வேண்டாம்ட்டி. எங்க வீட்டுலயும் அடுப்பு எரியத்தான் செய்யுது" என்றாள் அம்மா.

சித்தி போனதும் அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினாள். அப்பா குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். அங்கே பின்பக்கம் வெந்நீர் பாய்லர் உண்டு. விறகு போடுகிற ஆளை விரட்டி விரட்டி, அடுப்பு விஷயத்தில் தனக்குத் தெரியாதது இல்லை என்ற எண்ணம் அவருக்கு வந்திருந்தது. "இது ஒரு பெரிய வித்தையாட்டி?" என்று சொல்லிவிட்டு, தென்காசி வெல்டிங் பட்டறையில் ஓர் எண்ணெய் டிரம்மை வெட்டிக் கதவும் காலும் வைத்து அடுப்பாக்கிக் கொண்டுவந்தார். கான்கிரீட்டை உடைக்க முடியாது. அதனால் குழாய் கொஞ்ச தூரம் மேலே ஏறி, அறையின் குறுக்கே சாய்வாகப் போய், வென்டிலேட்டர் வழியாக வெளியே போனது. துண்டு துண்டான குழாய். எந்தத் துண்டை எதற்குள் செருகுவது என்று பட்டறை ஆள் யோசித்தபோது அப்பா தீர்ப்புச் சொன்னார்.

"தண்ணி மேல இருந்து கீழ வருது. புகை கீழ இருந்து மேல போகுது. அப்ப மூட்டும் தண்ணிக் குழாய்க்கு நேர்மாறாத்தானலே இருக்கணும்? கீழ உள்ளத மேல உள்ளதுக்குள்ள விடு."

"சரிதான் அண்ணாச்சி" என்றான் பட்டறை ஆள்.

சித்தி வாசலோடு நின்று அதைப் பார்த்துவிட்டாள். எங்கள் குடும்பத்தில் தம்பி மனைவி, கணவனின் அண்ணனிடம் நேராகப் பேசமாட்டாள். சொல்லவேண்டியதை அண்ணன் மனைவியிடம் சொல்வாள், அது அங்கிருந்து அவருக்குப் போய்ச் சேரும். அன்றும் சித்தி அம்மாவைக் காம்பவுண்டுச் சுவருக்குப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னாள். நான் அங்கேதான் நின்றேன்.

"அக்கா, குழாய்க்குள்ள கரித்தண்ணி ஊறி வடியும். மேல உள்ள துண்டு கீழ உள்ளதுக்குள்ள எறங்குனாத்தான் அது உள்ளயே போகும். இல்லன்னா மூட்டு வழியா வெளிய சொட்டும். விறகும் நல்லாக் காஞ்சிருக்கணும், காத்துக் கதவ முழுசா அடைக்கக் கூடாதுன்னு எங்க வீட்டு அவுக சொல்லுவாக. அத்தான்ட்ட சொல்லிருங்க."

"சொல்லுதேன்" என்றாள் அம்மா. சொல்லவில்லை. உள்ளே வந்து, "பாத்தியாட்டி, நம்ம வீட்டுக்கு ஒண்ணு வந்ததும் அவளுக்குப் பொறுக்கல" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! சித்திக்குப் பொறாமை. கடைசியில் அவர்களும் எங்களைப் பார்த்துப் பொறாமைப்படும் காலம் வந்துவிட்டது. அன்று முழுவதும் நான் ராணி மாதிரி நடந்தேன்.

சுதந்திர தினத்துக்கு முந்தின சாயங்காலம் அடுப்பை மூட்டினோம். லாட்ஜ் பாய்லருக்காகச் செங்கோட்டைக்கு அப்பாலிருந்து லாரியில் நனைந்துகொண்டே வந்த ரப்பர் விறகு. முதலில் சீறியது, நுனியில் நுரை தள்ளியது. தேங்காய்ச் சிரட்டையைப் போட்டு ஊதிப் பற்றவைத்ததும் எரிந்தது. அறை கதகதத்தது. அம்மா வேண்டுமென்றே வாசல் கதவைத் திறந்து வைத்தாள், தெரு பார்க்கட்டும் என்று. குழாய்க்குக் கீழே கயிறு கட்டி என் டிரில் உடுப்பையும் பக்கத்தில் அப்பாவின் வேட்டியையும் விரித்துப் போட்டாள். பூனை வந்து எட்டிப் பார்த்தது, மூக்கைச் சுளித்தது, வந்த வழியே போய்விட்டது. அப்போதாவது எங்களுக்குப் புரிந்திருக்கவேண்டும்.

படுக்கப் போகும் முன் அப்பா விறகைத் திணித்து, காற்றுக் கதவை இறுக்கமாகச் சாத்தினார். லாட்ஜில் அப்படித்தான். தீயை அமுக்கி வைத்தால் காலை வரை கணகணப்பு நிற்கும். அந்தப் பாய்லர் திறந்த வெளியில் இருக்கிறது, அதன் புகை ஆகாசத்துக்குத்தான் போகிறது என்பது அவருக்கு நினைவு வரவில்லை.

காலையில் இருமிக்கொண்டே எழுந்தோம். அம்மா ஓடிப்போய்க் கதவு ஜன்னலையெல்லாம் திறந்தாள். வெளிச்சம் வந்ததும் என் உடுப்பைப் பார்த்தேன். குழாயின் ஒவ்வொரு மூட்டிலிருந்தும் பழுப்பும் கறுப்புமாகத் தார் மாதிரி ஒன்று சொட்டியிருந்தது. சட்டையின் தோளில், நெஞ்சில், பாவாடை மடிப்பில். அப்பாவின் வேட்டி முழுவதும். சோப்புப் போட்டால் அது பரவியதே தவிர போகவில்லை. நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அப்பா குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார், அது தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, தூறலில், செருப்புக்கூடப் போடாமல் சித்தி வீட்டு வாசலில் போய் நின்றாள். சித்தி என் முகத்தைப் பார்த்தாள், அம்மா முகத்தைப் பார்த்தாள். "சொன்னேன்லா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளே போய்த் தங்கையின் இரண்டாவது ஜோடியைக் கொடியிலிருந்து எடுத்துவந்து எனக்குப் போட்டுவிட்டாள். அது சூடாக இருந்தது. வெயிலில் காய்ந்த துணியைப் போல வாசமே இல்லாமல் இருந்தது. சாக்ஸும் சூடாக இருந்தது. அந்த நிமிஷத்தில் எனக்கு நன்றி வரவில்லை, இதை இவள் தினமும் அனுபவித்திருக்கிறாளே என்ற ஆத்திரம்தான் வந்தது.

முன்வரிசையில் தங்கைக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. கொடியேற்ற வந்தவர் பேசத் தொடங்கினார், சாரலும் தொடங்கியது. முன்வரிசை, பின்வரிசை, மொடமொடப்பு, சந்தன நிறம் எல்லாம் ஒன்றாகிப் போயின. போட்டோவில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறோம்.

மிட்டாயைச் சப்பிக்கொண்டு நேராகச் சித்தி வீட்டுக்கே ஓடினோம். அம்மா அங்கேதான் இருந்தாள், அடுப்புக்கு முன்னால், கையை நீட்டிக் காய்ந்துகொண்டு. அந்த அறைக்குள் அவள் வந்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"நீ சொன்னத நான் அவுகள்ட்ட சொல்லலட்டி. எனக்கு உன் அடுப்பப் பாத்தா ஆகல" என்றாள் அம்மா.

சித்தி அடுப்புக் கதவைத் திறந்து ஒரு விறகை வைத்தாள். "எனக்கும் உங்கள மாதிரித்தான்க்கா. அத்தான் சாயங்காலம் நனைஞ்சுட்டு வந்து சத்தம் போடுதது இந்தச் சுவரு வழியாக் கேக்கும். உங்க கொடியில அவுக வேட்டி தொங்குறதப் பாப்பேன். இங்கன எல்லாம் காஞ்சுதான் கெடக்கு. அந்த ஒண்ணு மட்டும் இல்ல."

நான் கொடியை நிமிர்ந்து பார்த்தேன். சித்தியின் சேலையும் தங்கையின் பாவாடைகளும் வரிசையாக மொடமொடவென்று தொங்கின. புகை நாற்றமடிக்கும் ஓர் ஈர வேட்டியைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? அம்மாவைச் சமாதானப்படுத்தச் சித்தி பொய் சொல்கிறாள் என்று முடிவு செய்தேன்.

சித்தியின் கண்கள் சிவந்து நீர் கோர்த்திருந்தன. அம்மாவின் கண்களும் அப்படித்தான். எங்கள் வீட்டில் அடுப்புக்கு முன் இருக்கிற பெண்ணின் கண் எப்போதும் அப்படித்தான் இருக்கும், அதனால் நான் ஏன் என்று கேட்கவில்லை. புகை பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, பூனையைத் தள்ளிவிட்டு, காலை அடுப்பின் பக்கம் நீட்டினேன். அந்த அடுப்பில் புகை வராது என்று தெருவுக்கே தெரியும். எனக்கும் தெரியும்.